கிடுகு கேட்டவளுக்குத் தன்னம்பிக்கை

யாழ்ப்பாணத்துக்குள் மின்கலம் வரக்கூடாது, சவர்க்காரம் வரக்கூடாது, மெழுகுதிரி வரக்கூடாது, மண்ணெண்ணெய் வந்தாலும் மருந்துப் போத்தல் அளவில்தான் வரலாம் என்று மேலிடத்தார் நீட்டுக்கு ஒரு தடை போட்டிருந்த காலம். அதை எழுதியவர் எதையும் மறக்காத மனிதர். ஆனாலும் தன்னம்பிக்கையைத் தடைசெய்ய அவருக்கும் தோன்றவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் கோப்பாய்க்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்து இறங்கியது.

சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பெட்டியைக் குத்திக் கிளறி ஒரு புத்தகத்தை எடுத்தாராம். அட்டையில் மலையுச்சி ஒன்றில் கோட்டுப் போட்ட ஒருவர் கையிரண்டையும் விரித்தபடி நின்றார். சிப்பாய் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். இதனால் எவருக்கும் ஒரு பிரயோசனமும் வராது என்று கண்டு லொறியைப் போகவிட்டார். லொறிக்காரர் சொன்னது இது. அவருக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

உண்மையில் கோப்பாய் கேட்டது மழைக்கு மேலே விரிக்கத் தறப்பாள். புகையிலைத் தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளை ஊருக்காகக் கடல்கடந்த நம்மவர் சங்கம் ஒன்றுக்கு எழுதும்போது, இடம்பெயர்ந்து வந்த சனம் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறது என்று கொஞ்சம் உருக்கமாக எழுதிவிட்டார். சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் முதலில் எதை இழந்திருப்பார்கள் என்று தேநீர் குடித்தபடி ஆராய்ந்தது. தன்னம்பிக்கை என்று முடிவானது. பெட்டிகள் புறப்பட்டன.

புத்தகம் வந்தால் அதற்கு ஒரு மன்றம் வேண்டும். மன்றம் வந்தால் அதற்குத் தலைவர் வேண்டும். பென்சன் எடுத்த நாள்முதல் தலைமை தாங்க ஒரு சபை தேடித் திரிந்த கல்வி அதிகாரி பஞ்சலிங்கம் தயாராக இருந்தார். ஆழ்வாப்பிள்ளை செயலாளரானார். கோப்பாய் தன்னம்பிக்கை வளர்ச்சி மன்றம் பிறந்தது.

அதே மாதம் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று நிவாரணக் கிடுகும், கூரைக்குப் போடுகிற பின்னிய தென்னோலை, கட்டுக் கட்டாக வந்தது. கொண்டுவந்தவர்கள் மழை படாத இடம் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் கூரைக்கு நல்ல சீற் போட்ட மண்டபம் மன்றத்தினுடையதுதான். ஆகவே கிடுகு நனையாமல் உள்ளேயும் சனம் நனைந்துகொண்டு வெளியேயும் இருக்கிற ஏற்பாடு யாரும் திட்டமிடாமலே அமைந்துவிட்டது.

"வெறுங்கையோடை வாறவனுக்குக் கிடுகைக் குடுத்தா நாளைக்குக் கயிறு கேப்பான்," என்றார் பஞ்சலிங்கம் முதற்கூட்டத்தில். "முதல் தன்னம்பிக்கையைக் குடுப்பம். பேந்து அவன் ஒண்டும் கேக்கமாட்டான்." கைதட்டல் விழுந்தது. கிடுகு வேண்டியவர் எவரும் முதலில் மன்றத்தின் நூற் பரிந்துரைக் குழுவைக் கண்டு, குணப்பட்டு, அதன்பிறகே கிடுகைத் தொடலாம் என்பது தீர்மானம்.

இந்தத் தீர்மானத்துக்குள் வந்து அகப்பட்டவர்களில் ஒருத்தி யசிந்தா.

அவள் மயிலிட்டிக்காரி. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் செல்லடிக்குள்ளால் பிள்ளைகளையும் ஒரு சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தவள். கோப்பாயில் குணலட்சுமியின் வெங்காயத் தோட்டத்து மூலையில் ஒரு கொட்டில் போட இடம் கிடைத்தது. புருசன் சந்தியோகு குருநகரில் இன்னொருவருடைய வள்ளத்தில் பங்குக்குப் போவான், சனிக்கிழமைகளில் வருவான். கொட்டிலின் கூரை போன வருசத்து ஓலை. உக்கி, படுத்தபடி வானம் பார்க்கும் பதத்துக்கு வந்திருந்தது. கடைசிப் பெட்டைப் பிள்ளைக்கு இழுப்பு. போன மாரி முழுக்க அந்தக் குஞ்சு நனைந்து நனைந்து மூச்சுக்குத் தவித்ததில், ஆசுப்பத்திரி விறாந்தையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். இந்த மாரிக்கு முன்னம் கூரையை மூடிவிட வேண்டும். யசிந்தாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மன்றத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று கதிரைகள். ஒன்றில் தலைவர், ஒன்றில் செயலாளர். மூன்றாவது உளவியல் நிபுணருக்கு. அவர் கொழும்புக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஆனால் அவருடைய கதிரைக்குத் தினமும் தூசி தட்டப்பட்டது.

"இரும் பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பேர், ஊர்?"

"யசிந்தா. மயிலிட்டி."

"மயிலிட்டி எண்டது முடிஞ்ச கதை. அதை ஏற்றுக்கொள்ளுறதுதான் முதற்படி."

"நீங்கள் ஏற்றுக்கொண்டிட்டியளோ ஐயா? நான் இன்னும் இல்லை."

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "பிள்ளை, நேரடியாக் கேக்கிறன். உமக்குத் தன்னம்பிக்கை இருக்கோ?"

"இருக்கு ஐயா. கிடுகுதான் இல்லை."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த இரண்டு டொக்டர்மாரின் பார்வை அது.

"கவனிச்சியளோ செயலாளர்," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். "இருக்கு எண்டு கெதியாச் சொல்லுறவைக்குத்தான் வேரே அழுகியிருக்கும்."

"சரி ஐயா, இல்லையெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. கிடுகைத் தாங்கோ."

"இல்லையெண்டா புத்தகம்."

ஆழ்வாப்பிள்ளை அலுமாரியைத் திறந்து ஒன்றைத் தேர்ந்து நீட்டினார். 'வானத்தையே கூரையாக்கு' என்று தலைப்பு. மலையுச்சி மனிதர் கைகளை விரித்தபடி நின்றார். அவருக்கும் கூரை இருக்கவில்லை.

"சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம்," என்றார் செயலாளர். "இரவு படுக்க முன்னம் ஒண்டு. சாப்பாடு இல்லாத நாளில வெறுவயித்தில வாசிச்சாலும் பாதகமில்லை. இரவு வாசிக்கிறதுதான் அடிமனசுக்கு இறங்கும்."

"விளக்குக்கு எண்ணெய் இல்லை ஐயா."

"அது மூண்டாம் அத்தியாயத்தில வருகுது," என்றார் தலைவர். "உள்ளே ஒளியேற்று எண்டு."

யசிந்தா புத்தகத்தோடு வந்தபோது குணலட்சுமி கிணற்றடியில் வெங்காயம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எந்தப் புத்தகமடி?"

யசிந்தா காட்டினாள்.

"பறுவாயில்லை, நல்ல மொத்தப் புத்தகம். எங்கடை மனுசன் வெங்காயத்துப் புழுவுக்கு மருந்து கேட்டுப் போனவர். தோல்வியே உரம் எண்டு ஒண்டைக் குடுத்துவிட்டவை. அவர் வாசிச்சு முடிச்சிட்டார். புழு இன்னும் வாசிக்கேல்லை."

"கிடுகு அங்கைதான் அடுக்கிக் கிடக்குது அக்கா. கண்ணாலை பார்த்தனான். நான் இருந்த வாங்குக்குப் பின்னாலை. வாசமும் வந்தது."

"பார்த்தனியெல்லோ, அதுக்கும் ஒரு அத்தியாயம் இருக்கும். உந்தப் புத்தகத்தை ஒழுக்கு விழுற இடத்தில வைச்சிடாதை. நனைஞ்சா அபராதமாம்."

யசிந்தா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் செபப்புத்தகம் வாசித்த பழக்கத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். பகலில், வெங்காயம் கட்டுகிற இடைவெளியில், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தாள். அவசரத்துக்குக் காரணம் தன்னம்பிக்கை அல்ல. மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் முறை மன்றத்துக்குப் போனபோது பாடம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

"இப்ப எப்பிடிப் பிள்ளை?"

"நிறைய இருக்கு ஐயா. தன்னம்பிக்கை. வழியுது."

"மழை வந்தா?"

"வரட்டும், நான் சமாளிப்பன். ஆறாம் அத்தியாயம்."

பஞ்சலிங்கம் எழுந்தே விட்டார். கைகொடுக்கப் போகிறார் என்று யசிந்தா நினைத்தாள். அவர் பாதிவழியில் யோசித்து, எட்ட நின்று கும்பிட்டார். "செயலாளர், இது எங்கடை மன்றத்தின்ரை வெற்றி. நீர் வீட்டை போம் பிள்ளை."

"கிடுகு ஐயா?"

"சமாளிக்கிற மனுசிக்கு ஏன் கிடுகு? சமாளிக்க ஏலாத சனம் எத்தினை இருக்கு."

யசிந்தா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் சமாளிக்கமாட்டன் ஐயா. இப்பத்தான் குறைஞ்சது."

"குறைஞ்சதோ," என்றார் ஆழ்வாப்பிள்ளை கவலையோடு, அலுமாரிப் பக்கம் திரும்பியபடி. "அப்ப இரண்டாம் புத்தகம்."

செக்கைச் சுற்றும் மாட்டுக்காவது கடைசியில் பிண்ணாக்கு கிடைக்கும். யசிந்தா சுற்றிய சுற்றில் அதுவும் இல்லை. இருக்கு என்றால் தேவையில்லை, இல்லை என்றால் புத்தகம். அவள்மட்டுமில்லை, வந்த சனம் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தது. கிடுகு அடுக்கில் ஒன்றும் குறையவில்லை. அதை மன்றம் தன் நிருவாகத் திறமைக்குச் சான்றாக எடுத்துச் சொன்னது.

இரண்டாம் புத்தகம் சுயமதிப்பு பற்றியது. அதற்கு வாசிப்பு மட்டும் போதாது, பயிற்சியும் உண்டு. மூடிக்கிடந்த ஒரு சலூனிலிருந்து இரவல் வாங்கிய ஆளுயரக் கண்ணாடி மண்டபத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. பயனாளி அதன்முன் நின்று தன் முகத்தைப் பார்த்து, 'நான் உயர்ந்தவள்' என்று உரத்துச் சொல்ல வேண்டும். போதிய சத்தம் வரும்வரை விடமாட்டார்கள்.

"கேக்கேல்லைப் பிள்ளை," என்றார் தலைவர். "மனசிலயிருந்து வரவேணும்."

யசிந்தாவுக்குப் பொறுமை போனது. மயிலிட்டித் துறையில் வள்ளம் ஒதுங்குகிற நேரம், நூறு குரலுக்கு மேலால் தன் மீனைக் கூவி விற்ற தொண்டை அது. மூச்சை இழுத்து ஒருமுறை சொன்னாள். கண்ணாடி அதிர்ந்தது. உளவியல் நிபுணரின் கதிரையிலிருந்து தூசித்துணி விழுந்தது. றோட்டில் போன இரண்டுபேர் சைக்கிளை நிறுத்தி, எட்டிப் பார்த்து, என்ன மீன் என்று கேட்டார்கள்.

தலைவர் அசந்துபோனார். கிடுகு கொடுக்குமளவுக்கு அசரவில்லை. ஆனால் அவர் மனத்தில் ஒரு யோசனை உதித்தது. வாழ்க்கையில் அவருக்கு உதித்த எல்லா யோசனையையும் போல இதுவும் ஒரு விழாவாக இருந்தது.

அன்றிரவு மாரியின் முதல் மழை பெய்தது. பெரிய மழையில்லை, சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அதுக்கே பெட்டைக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. பானையை ஒழுக்குக்குக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, விடியும்வரை யசிந்தா அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வந்த சந்தியோகு கூரையைப் பார்த்தான், பெட்டையைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்க்கவில்லை.

"இஞ்சேர், என்னவாம் அவை?"

"வாற கிழமை விழாவாம். புத்தகத்தாலை நான் திருந்தின கதையை மேடையில சொல்லட்டாம். சொன்னா கிடுகு கட்டாயமாம். தலைவர் தன்ரை வாயாலை சொன்னவர்."

"சொல்லன். என்ன கேடு?"

"ஓம். என்ன கேடு," என்றாள் யசிந்தா.

என்ன கேடு என்பது அடுத்தநாள் தெரிந்தது. விழாவுக்குப் பந்தல் போட வேண்டும் என்று இடம்பெயர்ந்த ஆம்பிளைகளைச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டார்கள். பந்தலுக்குக் கூரை மேய மண்டபத்திலிருந்து கிடுகை இறக்கினார்கள்.

"ஐயா, உது எங்களுக்கு வந்த கிடுகெல்லோ?" என்றாள் யசிந்தா.

"விழாவும் உங்களுக்குத்தானே பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவருக்குக் கோபமே வராது. அந்த மனுசனிடம் இருந்த பொல்லாத குணம் அதுதான்.

சந்தியோகுவும் மற்றவர்களும் மேலே ஏறிக் கட்டினார்கள். கடற்காரன் கட்டுகிற கட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. காற்றுக்கு அசையாது, ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் முழுக்க அவிழ்ந்துவிடும். புயலில் பாயை இறக்குகிறவன் முடிச்சை அவிழ்க்க நேரம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கைகளுக்கு வேறு முடிச்சுத் தெரியாது. கிடுகின் ஒவ்வொரு வரியிலும் ஒரு கயிற்று நுனி தொங்கியது. பஞ்சலிங்கம் அதை அலங்காரம் என்று நினைத்தார்.

விழா குறித்த நேரத்துக்குப் பிந்தித் தொடங்கியது. எந்த வீட்டிலும் இல்லாத எண்ணெய் குத்துவிளக்கில் நிறைந்திருந்தது. வரவேற்புரை நடந்தது, தலைமையுரை நடந்தது, தலைமையுரையை வாழ்த்தி ஒரு வாழ்த்துரை நடந்தது. தூரத்தில் முழங்கியது செல்லோ இடியோ என்று சனம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு நல்லூரிலிருந்து சைக்கிளில் வந்து, வாசற் படலைக்கு வெளியே நின்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்ட சிறப்புப் பேச்சாளர் இராசநாயகம் எழுந்தார். ரியூட்டரி நடத்துகிறவர். பக்கத்து ஊர்களிலெல்லாம் தன்னம்பிக்கைக்கு அவர்தான்.

"அன்பர்களே," என்றார் இராசநாயகம். "நானும் இழந்தவன். என் ரியூட்டரியில் நல்ல வாங்குகள் இரண்டை இழந்தவன். ஆனால் உடைந்துபோனேனா? என்னிடம் படித்து மூன்று தரம் சோதனையில் தவறிய பிள்ளைகள் இன்று எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? நான்காம் தரம் தலைநிமிர்ந்து தவறுகிறார்கள்."

கைதட்டல் விழுந்தது. முதல்வரிசையில் தட்டினார்கள்.

"உங்களுக்கு எவரும் எதுவும் தரமாட்டார்கள். சங்கங்கள் தரமாட்டா. சபைகள் தரமாட்டா. இந்த மன்றமும் உங்களுக்கு ஒன்றும் தராது."

பஞ்சலிங்கம் பெருமையோடு தலையாட்டினார்.

"உங்களுக்குரியது எங்கே இருக்கிறது? காலடியிலா? இல்லை. உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. நிமிர்ந்து பாருங்கள். கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். எட்டி எடுங்கள்."

சனம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. தலைக்கு மேலே கிடுகு இருந்தது.

அடுத்தது பயனாளி உரை. ஆழ்வாப்பிள்ளை எழுதிக் கொடுத்ததை யசிந்தா மனப்பாடம் செய்திருந்தாள். இருளில் கிடந்தேன், நூல் தந்தார்கள், எழுந்தேன் என்று தொடங்கும். மேடையில் ஏறி, 'இருளில் கிடந்தேன்' வரைக்கும் சொன்னாள். பின்வரிசையில் பெட்டை இருமுகிற சத்தம் கேட்டது. நிறுத்தினாள்.

"மிச்சம் மறந்துபோச்சு," என்றாள். "எனக்கு இந்தப் புத்தகங்கள் விளங்கினதில்லை. உள்ளதைச் சொல்லோணும். இண்டைக்குத்தான் இந்த ஐயா விளங்கப்படுத்தினவர். ஒருதரும் தரமாட்டினமாம். தலைக்கு மேலை இருக்காம். எட்டி எடுக்கட்டாம்."

மேடைக்கு மேலே தொங்கிய கயிற்று நுனியை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

ஒரு வரிக் கிடுகு முழுதாகச் சரிந்து அவள் கைக்கு வந்தது. பந்தலில் நீட்டுக்கு வானம் தெரிந்தது. பிறகு சந்தியோகு எழுந்து தன் பக்கத்து நுனியை இழுத்தான். கட்டியவர்களுக்கு எந்த நுனி எங்கே என்று தெரியும். பெண்கள் மடியேந்தி வாங்கினார்கள், குழந்தைகள் இழுத்துக்கொண்டு படலைக்கு ஓடினார்கள்.

பஞ்சலிங்கம் மறிக்க எழும்பினார். ஆனால் பக்கத்தில் இராசநாயகம் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "இதைத்தான் நான் செய்முறை விளக்கம் என்பேன்," என்றார் கண்கலங்கி. "தலைவர் அவர்களே, எவ்வளவு அருமையாக ஒழுங்குபண்ணியிருக்கிறீர்கள்." பஞ்சலிங்கம் நின்றபடி ஒருதரம் முழுசினார். பிறகு மெல்ல அவரும் கைதட்டத் தொடங்கினார். தட்டத் தட்ட முகம் கறுத்தது.

மழை பிடித்தது அப்போதுதான். நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை இருந்ததால் ஆழ்வாப்பிள்ளை அதை விடவில்லை. நனைந்த தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பந்தல் அமைத்துத் தந்த அன்பர்களுக்கும் நன்றி என்ற இடத்துக்கு வந்தபோது கடைசிக் கிடுகும் படலையைத் தாண்டியது.

பங்கு பிரித்ததில் யசிந்தாவுக்கு வந்தது அரைக் கூரைக்குத்தான் காணும். பெட்டை படுக்கிற பக்கத்தை மேய்ந்தார்கள். மற்றப் பக்கத்தில் பானையை வைத்தார்கள்.

மன்றம் சங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில், பயனாளிகளின் தன்னம்பிக்கை எதிர்பார்த்த அளவை மிஞ்சிவிட்டதாகவும், அடுத்த தடவை அடக்கம் பற்றிய நூல்களை அனுப்பினால் உதவியாயிருக்கும் என்றும் இருந்ததாகக் குணலட்சுமி சொன்னாள். அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிய வருகிறதென்று கேட்கக்கூடாது.

சில நாள் கழித்து, துமித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஆழ்வாப்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டிலடிக்கு வந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு ஒரு சின்னப் பிசகு நடந்துபோச்சு. பந்தலுக்கு ஏத்தின உடனை அது மன்றச் சொத்து. திருப்பித் தரவேணும்."

"எங்களுக்கு வந்ததெண்டு நீங்கள்தானே ஐயா சொன்னியள்."

"வந்தது உங்களுக்கு. பொறுப்பு எங்களுக்கு." அவர் கூரையின் மேய்ந்த பக்கத்தைப் பார்த்தார். புதுக்கிடுகு ஈரத்தில் மினுங்கியது. "மிஞ்சிறதை என்ரை புகையிலைக் குடிலுக்கு எடுக்கிறதெண்டு ஏற்கெனவே ஒரு தீர்மானம். வாய்மூலம்தான். ஒழுக்கு ஐயோவெண்டு ஒழுகுது பிள்ளை. புகையிலை பழுதாப்போகும்."

யசிந்தா உரலைக் கவிழ்த்துப் போட்டாள். "இருங்கோ ஐயா."

ஆழ்வாப்பிள்ளை இருந்தார். அவர் இருந்தது மேயாத பக்கம். சந்தியோகு மூலையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். யசிந்தா அவருக்கு நேரே குந்திக்கொண்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

"ஐயா, நேரடியாக் கேக்கிறன். உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கோ?"

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஓம் என்று சொல்ல வந்தது. ஓம் என்றால் சமாளிக்கிறவருக்கு ஏன் கிடுகு. வாயை மூடினார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். இல்லை என்றால் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். மூன்றாவது வழி இல்லையென்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இந்த ஊருக்கே படிப்பித்தவர் அவர். கூரையிலிருந்து சட்டைக் கழுத்துக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

யசிந்தா எழுந்துபோய், மேய்ந்த பக்கத்துக் கூரை வளையில் சொருகியிருந்த பொலித்தீன் பையை எடுத்து, ஒரு சொட்டு நனையாமல் வைத்திருந்த முதற்புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு ஐயா. படுக்க முன்னம் ஒண்டு."

"எண்ணெய் இல்லாட்டி மூண்டாம் அத்தியாயம்," என்றான் சந்தியோகு, வலையிலிருந்து தலையெடுக்காமல்.

உள்ளே பெட்டை நித்திரை. மூச்சு ஒழுங்காக வந்துபோனது.

ஆழ்வாப்பிள்ளை படலையைத் தாண்டும்போது துமி மழையாகிவிட்டது. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து, மறுகையால் 'வானத்தையே கூரையாக்கு' என்ற புத்தகத்தை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனார். வந்திறங்கிய அத்தனை பெட்டியிலும், ஒரு புத்தகம் ஒரு மனிதருக்குக் கூரையாக உதவியது அன்றைக்குத்தான். அதுவும் அரைக்கூரை. தோளிரண்டும் நனைந்துகொண்டு போனதைக் குணலட்சுமி வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறாள்.